ரைட்டுல பிளேட் போயிருச்சு

போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். என் கணவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

"என்னத்த மறைக்கிற?" என்றார்.

நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் பால்கோவா தின்பண்டம் கிடையாது. அது வாக்குமூலம். கல்யாணமான பதினேழு வருஷத்தில் அவராகப் பால்கோவா வாங்கி வந்த நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். புது சைக்கிளைத் தொலைத்த அன்று. என் தம்பி கல்யாணத்துக்கு லீவு போட மறந்த அன்று. என் அம்மா கொடுத்த ரேடியோவைக் கழற்றிப் போட்டு, திரும்ப மாட்டும்போது நாலு சாமான் மிஞ்சிய அன்று... அந்த இனிப்பு வாசனை வாசலில் வந்தாலே, எது போச்சு என்று வீட்டைச் சுற்றிப் பார்ப்பேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். பால்காரர் அதிகமாகச் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று நினைக்கிறவள் நான். கணக்கு டீச்சர் வேறு. விடை சரியாக இருந்தாலும், "எப்படி வந்துச்சு, வழியைக் காட்டு" என்று கேட்டே பழகிவிட்டது.

பால்கோவா வாங்கியது ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஆனால் அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவர் மில்லில் எலக்ட்ரீஷியன். போன மாசியில் ஏணியிலிருந்து விழுந்தார். விழுந்ததை என்னிடம் சொன்னாரா? "லேசான சுளுக்கு" என்றார். கையில் பால்கோவா. இரண்டு நாள் விந்தி விந்தி நடந்தார். மூன்றாம் நாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிய பிறகுதான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. ஆபரேஷன் செய்து, உள்ளே ஸ்டீல் பிளேட் வைத்து, ஆறு ஸ்க்ரூ முடுக்கி அனுப்பினார்கள்.

கிளம்பும்போது டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். "பிளேட் அசைஞ்சா திரும்ப ஓப்பன் பண்ற மாதிரி ஆகிரும். அப்புறம் கால் பழையபடி வருமான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குள் போய் உட்கார்ந்ததுதான். எழுந்திருக்கவே இல்லை.

இனி செப்டம்பருக்கு வாருங்கள். காலாண்டுப் பரீட்சை நேரம். மதியத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நான் சீக்கிரம் வீடு திரும்பினேன். அவருக்கு மதிய ஷிப்ட், மூன்று மணிக்குத்தான் கிளம்புவார். வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே போனில் அவர் குரல்.

"ரைட்டுல பிளேட் போயிருச்சு பாய்... ஆமா... லெஃப்ட்டு நல்லாத்தான் இருக்கு. எம்புட்டு ஊன்றினாலும் ரைட்டு மட்டும் வரமாட்டேங்கு... ஓப்பன் பண்ணித்தான் பாக்கணும்... சேச்சே, வீட்ல சொல்லல. சொன்னா ஆடிருவா ஆடி."

செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றேன். பிளேட் போய்விட்டது. திரும்ப ஓப்பன் பண்ண வேண்டும். என்னிடம் சொல்லக்கூடாது... இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

இருமிக்கொண்டே உள்ளே போனேன். போனைப் பட்டென்று வைத்தார்.

"யாருங்க?"

"ராங் நம்பர்."

ராங் நம்பரிடம் யாராவது கால் விஷயமெல்லாம் பேசுவார்களா? நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த பொய் வரும். அதைவிட, பேசாமல் இருந்து பார்ப்பது மேல். மறுநாள் ராத்திரி, ஷிப்ட் முடிந்து வந்தவர் கையில் பால்கோவா. அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போயிற்று.

இரண்டு நாள் கழித்து சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் ஒரு துண்டுச் சீட்டு. அவர் கையெழுத்துதான். "பேட் - 4, பிளேட் - 8, ஸ்க்ரூ - 16, ஸ்பாஞ்ச், டேப்."

வேறு ஊர்க்காரர் என்றால் பேட் என்றதும் பரீட்சை அட்டையை நினைத்திருப்பார். எங்கள் சீமையில் அப்படி நினைக்க முடியுமா? தெருவுக்குத் தெரு தறியில் பேண்டேஜ் துணி ஓடுகிற இடம் இது. இங்கே பேட் என்றால் ஒரே அர்த்தம், காயத்தில் வைத்துக் கட்டுகிற பஞ்சு. என் பெரியப்பா வீட்டில் முப்பது வருஷமாக அதை மடித்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

பேட் சரி. பிளேட் எட்டா? ஒரு காலுக்கா? பதினாறு ஸ்க்ரூவை எட்டால் வகுத்தால் ஒரு பிளேட்டுக்கு இரண்டே இரண்டு. மதுரையில் ஒரு பிளேட்டுக்கு ஆறு போட்டார்கள். அப்படியானால் இது எந்த ஊர் ஆஸ்பத்திரி? ஆஸ்பத்திரிதானா? யாரந்த பாய்? எலும்பு கட்டுகிற நாட்டு வைத்தியர் யாரிடமாவது போய் மாட்டிக்கொண்டாரா?

கணக்குப் போடத் தெரிந்தவளுக்குப் பயம் வந்தால் ரொம்பக் கஷ்டம். பயத்தையும் வரி வரியாகப் போட்டுப் பார்ப்பாள்.

அந்த வாரம் புரட்டாசிச் சனிக்கிழமை. "திருவண்ணாமலைக்குப் போயி பெருமாளப் பாத்துட்டு வாரேன்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் திருவண்ணாமலை. காலில் அடிபடும் முன்பு வருஷம் தவறாமல் ஏறுகிறவர்தான். அதற்கு முந்தின சனிக்கிழமையும் போய் வந்ததாகச் சொன்னார். அத்தனை படி ஏறி இறங்கியவர் சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"போயிட்டு வாங்க" என்றேன். அவர் தெருமுனை திரும்பியதும் பூட்டைப் போட்டேன்.

நம் பஸ்ஸில் ஒரு வசதி உண்டு. பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். முன் வாசலில் ஏறி, முந்தானையைத் தலையில் போட்டுக் குனிந்து உட்கார்ந்தால் கட்டின புருஷனுக்கும் அடையாளம் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வெறும் அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. அவர் இறங்கினார், பின்னாலேயே நானும். கோயில் பஸ் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு சந்துக்குள் நுழைந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்து, வலது காலை லேசாக இழுத்து நடந்தார். வீட்டில் என் முன்னால் சிப்பாய் மாதிரி நேராக நடக்கிற மனிதர்! கூப்பிட்டுவிடலாம் போல இருந்தது. கூப்பிடவில்லை.

அவர் ஒரு சின்னக் கடைக்குள் போய், பின்னால் தொங்கிய திரையை விலக்கி மறைந்தார். கடையில் வரிசையாக வயிறு திறந்த டி.வி. பெட்டிகள். முன்னால் மேஜையில் ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் சின்னக் குறடோடு ஒருவர். டி.வி. ரிப்பேர் செய்கிறவர் எலும்பும் பார்க்கிறாரா? எங்கள் பக்கம் அதுவும் நடக்கும். தேங்காய்க் கடையில் சுளுக்கு எடுக்கிற ஊரில் இருக்கிறோம்.

"நீங்கதான் பாயா?" என்றேன்.

"ஆமா, காதர். நீங்க... டீச்சர்தானே? அண்ணாச்சி வீட்ல கல்யாண போட்டோ பாத்திருக்கேன். உக்காருங்க." எழுந்து ஸ்டூலைத் துடைத்தார்.

எங்கள் வீட்டுக்கு வேறு வந்திருக்கிறார்! நான் உட்காரவில்லை.

"எனக்கு எல்லாம் தெரியும். ரைட்டுல பிளேட் போயிருச்சாமே. எப்ப ஓப்பன் பண்ணப் போறீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "தெரிஞ்சிருச்சா? அப்பாடா. இன்னைக்கே பண்ணிரலாம் டீச்சர். நாலு ஸ்க்ரூதானே, ரெண்டு நிமிஷ வேலை."

"ரெண்டு நிமிஷமா? நீங்களா பண்ணுவீங்க?"

"நான் எதுக்கு? அண்ணாச்சியே பண்ணிக்கிடுவாரு. ஏற்கெனவே மூணு தடவ ஓப்பன் பண்ணியாச்சு."

"மூணு தடவையா?" சுவரைப் பிடித்துக்கொண்டேன். "மரத்துப்போக ஊசி ஏதும்...?"

"ஊசியா? எதுக்கு டீச்சர்? மரம்தானே. பிளைவுட்டு."

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் டம் டம்மென்று ஒரு பாட்டு. கூடவே தடக்... தடக்... தடக்... என்று சத்தம். ஒரே எட்டில் போய்த் திரையை இழுத்தேன்.

என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மரப்பலகைமேல் நின்று, டி.வி.யைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் நின்றார். பாட்டு நிற்கவில்லை.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் இருக்கிற என் தம்பி, ஆடி மாசம் என் மகள் சித்ராவுக்கு ஒரு டி.வி. கேமும், அதோடு ஒரு டான்ஸ் மேட்டும் அனுப்பியிருந்தான். தரையில் விரிக்கிற பிளாஸ்டிக் பாய். அதில் நாலு பக்கமும் அம்புக்குறி. பாட்டு ஓட ஓட டி.வி.யில் அம்பு வரும். எந்த அம்பு வருகிறதோ அதைக் காலால் மிதிக்க வேண்டும். சித்ரா பத்தாம் வகுப்பு. விடுவேனா? காலாண்டு முடியும்வரை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பூட்டு முன்பக்கம் இருந்தது. பீரோவின் பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ இருந்தது. எலக்ட்ரீஷியனுக்கு எது வாசல்?

"சும்மா ஒரு பாட்டு ஆடிப் பாக்கலாம்னு எடுத்தேன் செல்வி. மூணு நாள்ல லெஃப்ட்டு செத்துருச்சு. சரி பண்ணி வச்சிரலாம்னு பாத்தா... சுத்தி ஒட்டிப் போட்டிருக்கான். ஒரு ஸ்க்ரூ கெடையாது. திறக்க வழியில்லாத சாமான எப்படி நம்ப?"

அறுத்துத் திறந்திருக்கிறார். உள்ளே பேப்பர் மாதிரி ஒரு தாள், அதில் கோடு, மூலையில் ஒரு சின்ன சர்க்யூட். அந்த சர்க்யூட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள் இரண்டு பேரும். மிக்சர் கடை எண்ணெய் டின்னை வெட்டி எட்டுத் தகரம். அதுதான் பிளேட். கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் ஓரமாக ஸ்பாஞ்ச். மிதித்தால் இரண்டு தகரமும் தொடும், அம்பு வேலை செய்யும். அப்படி நாலு பேட். ஒவ்வொன்றுக்கும் நாலு ஸ்க்ரூ. எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றிப் பார்க்கலாம். பதினாறு ஸ்க்ரூ... கணக்கு சரியாகத்தான் வந்தது.

பீரோவில் பெட்டி அப்படியே இருந்ததே? இருந்தது. உள்ளே பழைய போர்வை. வீட்டில் அத்தனையையும் திறந்து பார்க்கிற நான் அதை மட்டும் திறந்து பார்க்கவில்லை. நானே பூட்டியதாயிற்றே.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அழுகை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். "கால் போயிருச்சுன்னு நினைச்சேன்... இந்த வாரம் பூரா நான் சோறு தின்னல..." காதர் பாய் டீ வாங்கப் போகிறேன் என்று தூக்குச்சட்டியைத் தேடினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் மூக்கைச் சிந்தி முடித்ததும் என் புத்தி விழித்துக்கொண்டது. ஒரு கேள்விக்கு இன்னும் விடை வரவில்லையே.

"சரி, ரைட்டு ஏன் வேலை செய்யல?"

"அதான் டீச்சர் தெரியல" என்றார் பாய். "ஸ்பாஞ்ச மூணு தடவ மாத்தியாச்சு. தகரத்தத் தேய்ச்சு வச்சேன். வயர்ல ஈயப்பத்து விட்டிருக்கான்னு பாத்தேன். மீட்டர் வச்சா நல்லாத்தான் காட்டுது. அண்ணாச்சி மிதிச்சா மட்டும் வரல."

"நான் மிதிச்சா?"

ஏறி நின்று வலது பக்கம் மிதித்தேன். டி.வி.யில் அம்பு பளிச்சென்று எரிந்தது. பாய் மிதித்தார். எரிந்தது. இவர் மிதித்தார். எரியவில்லை.

"லெஃப்ட்டையும் ரைட்டையும் கழற்றி மாத்திப் போடுங்க."

எட்டு ஸ்க்ரூ. மாற்றிப் போட்டார்கள். இப்போது நல்ல பேட் வலது பக்கம். இவர் மிதித்தார். எரியவில்லை. இடது பக்கம் மிதித்தார், கெட்டது என்று சொல்லப்பட்ட பேட் ஜம்மென்று எரிந்தது.

பாய்க்கும் புரிந்துவிட்டது.

சிங்கப்பூர் மேட்டில் இடது பக்கம் மூன்றே நாளில் செத்தது. தகரப் பேடில் வலது பக்கம் உயிரே வரவில்லை. இரண்டுக்கும் விடை ஒன்றுதான். மொத்த உடம்பையும் இடது காலில் போடுகிறார். வலது காலைச் சும்மா தொட்டு எடுக்கிறார். கோளாறு பேடில் இல்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊன்றப் பயமா இருக்கு செல்வி" என்றார். "வலி ஒண்ணும் இல்ல. ஊன்றினா உள்ள விட்டுருமோன்னு... விழுந்ததுலேருந்து அந்தக் கால நான் நம்பல."

ஏழு மாசம். ஒரே வீட்டில், ஒரே பாயில். சந்தேகத்தையே தொழிலாக வைத்திருக்கிற எனக்கு அது தெரியவில்லை. என் முன்னால் நேராக நடப்பதற்கு அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும். பாய் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இந்த முறை நிஜமாகவே டீ வாங்கப் போனார்.

திங்கட்கிழமை மதுரைக்குப் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டாக்டர். பிளேட் இருந்த இடத்தில் இருந்தது. ஆறு ஸ்க்ரூவும் பத்திரம். இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்தார். வலது பக்கம் ஒரு விரற்கடை மெலிந்திருந்தது.

"எக்ஸர்சைஸ் எழுதிக் குடுத்தேனே, செஞ்சீங்களா?"

இவர் கூரையைப் பார்த்தார்.

"எலும்பு எப்பவோ சேந்துருச்சு. நீங்கதான் அதை நம்பல. இப்படியே விட்டா கால் இன்னும் சூம்பிரும். தினமும் அழுத்தி மிதிக்கணும். எதையாவது மிதிங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதை மிதிப்பது என்று டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் எங்களைச் சந்தேகப்பட்டிருப்பார்.

பேட் வீட்டுக்கு வந்தது. சித்ராவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. மேட் போன கதையைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "பீரோ முதுகக் கழட்டுன அப்பாவுக்குப் பூட்டு இல்ல, எனக்கு மட்டும் பூட்டா?" என்று கேட்டாள். அப்புறம் அவளே அப்பாவுக்கு வாத்தியார் ஆனாள். காலையில் அரை மணி நேரம். "அப்பா, ரைட்டு விட்டுட்டீங்க." "அப்பா, ஏமாத்தாதீங்க, அது தொடுறது. மிதிக்கல." என் மகள்தான், சந்தேகமே இல்லை.

நான் அடுப்படியில் நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொள்வேன். முதல் வாரம் தடக்... ஸ்ஸ்... தடக்... ஸ்ஸ்... என்று கேட்டது. அந்த ஸ்ஸ் வலது கால். ஐப்பசி முடிவதற்குள் அது தொப்பென்று ஆனது. கார்த்திகையில் ஒரு நாள் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன், தடக் தடக் தடக் என்று ஒரே சீராக வந்தது. தோசை கருகியது. போகட்டும்.

சித்ரா அரையாண்டு லீவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆயிற்று. போன வெள்ளிக்கிழமை காலை, ஹாலிலிருந்து இவர் குரல்.

"ஏட்டி, ரைட்டுல பிளேட் போயிருச்சு."

ஓடினேன். நான் நம்புவேனா? நானே ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, நாலு ஸ்க்ரூவையும் கழற்றித் தகரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மேல் தகரம் நடுவில் குழிந்து, விளிம்பில் கிழிந்திருந்தது. குழியில் என் குதிகாலை வைத்துப் பார்த்தேன். பெரிதாக இருந்தது. அவர் வலது காலை இழுத்து வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

மிதித்து மிதித்துக் கிழித்திருக்கிறார் மனிதர்! அதே வாக்கியம்தான். செப்டம்பரில் கேட்டபோது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். இப்போது அவர் காலைப் பிடித்துக்கொண்டு அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"என்னட்டி, தகரத்துக்குப் போயி அழுத?" என்றார்.

மறுநாள் நானே காதர் பாய் கடைக்குப் போய் ஒரு துண்டுத் தகரம் கேட்டேன். விஷயத்தைக் கேட்டதும் எண்ணெய் டின்னே ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "எல்லாத்தையும் கிழிக்கட்டும் டீச்சர்" என்றார். திரும்பும் வழியில்தான் அந்த அரைக் கிலோ.

சந்தேகம் கெட்ட குணம் என்று நிறையப் பேர் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இருக்கலாம். ஆனால் வெறுமனே சந்தேகப்பட்டுக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கமே நிற்பதுதான் கெடுதல். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டால், பாதி நேரம் அங்கே ஒரு பயந்த மனிதர்தான் இருக்கிறார்.

சரி, "என்னத்த மறைக்கிற?" என்று கேட்டாரே, அதற்கு என்ன பதில் சொன்னேன்? "சந்தோஷத்துல வாங்கினேன். அதுக்குக்கூடக் கேள்வியா?" என்றேன். பெட்டியைத் திறந்து வாசனை பார்த்தார். நம்பவில்லை. தின்றார், அப்போதும் நம்பவில்லை.

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஆடியதை இந்தப் பக்கத்தில் முழுசாக எழுதப்போவதாக, அன்று காலைதான் பத்திரிகைக்குத் தபால் போட்டிருந்தேன்.